ஆளுக்கும் ஒரு எஃப்சி

இங்கே கடலில் இறங்கும் முன் கையில் ஒரு பேனாவைக் கொடுத்துவிடுகிறார்கள். மால்டாவுக்கு வந்த முதல் கோடையில் அது எனக்கு விசித்திரமாகப் பட்டது. கரையோரத்தில் ஒரு முக்குளிப்புக் கடை. ரப்பர் உடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஆட்கள் வந்துபோவார்கள், தரையெல்லாம் ஈரம். நடுவில் ஒரு மேசை மட்டும் காய்ந்திருக்கும். அதன் மேல் ஒரு படிவமும் நூலில் கட்டிய பேனாவும். ஆஸ்துமா உண்டா, நெஞ்சுவலி வந்ததுண்டா, காதில் அறுவை சிகிச்சை நடந்ததுண்டா, மயக்கம், வலிப்பு, தினமும் போடும் மாத்திரை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். எல்லாம் ‘இல்லை’ என்றால் அடுத்த நிமிடமே காற்று உருளையைத் தூக்கி முதுகில் மாட்டுவார்கள். ஒரே ஒரு ‘ஆம்’ விழுந்தாலும் மருத்துவரின் கையெழுத்தோடு வா என்று அனுப்பிவிடுவார்கள். நாம் எழுதியது உண்மையா என்று யாரும் சோதிப்பதில்லை. அப்படியே நம்புகிறார்கள். எனக்குப் புதிதாக இருந்தது அந்த நம்பிக்கைதான்.

எங்கள் ஊர்க் கடலுக்கு ஒரே விதி: முட்டிக்கு மேல் போகக் கூடாது. அதை யாரும் எழுதி ஒட்டியதில்லை. அப்பா ஒரு நிறுவனத்தின் ஊழியர் பேருந்தை ஓட்டினார். காலையில் செங்கல்பட்டில் ஆட்களை ஏற்றி, திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்ச் சதுரங்கப்பட்டினம் பக்கம் இறக்கிவிடுவார். மாலை ஐந்து மணி வரை வண்டிக்கு வேலை இல்லை. பள்ளி விடுமுறையில் நானும் கடைசி இருக்கையில் ஒண்டிக்கொண்டு போவேன். அங்கிருக்கும் பழைய டச்சுக் கோட்டைச் சுவரைத் தாண்டி ஒரு புங்க மரத்தடியில் வண்டியை நிறுத்தி, படிக்கட்டில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பார். கை எலுமிச்சைச் சோற்றில் இருக்கும், கண் தண்ணீரில் இருக்கும். “உள்ள இன்னாதான் கீதுன்னு ஒரு நாளு பாத்துடணும் பாப்பா” என்பார். சாப்பிட்டதும் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு என் கையைப் பிடித்து அழைத்துப் போவார். அலை என் முட்டியைத் தொட்டதும் கை இறுகும். அவ்வளவுதான், திரும்பிவிட வேண்டும். முப்பது வருடம் தினமும் பார்த்த கடலில் அவர் ஒரு நாள்கூடத் தலை நனையக் குளித்ததில்லை.

அப்பா பிறந்தது கடலைவிட்டுத் தள்ளி உள்ளே, வேடந்தாங்கல் பக்கத்து விவசாயக் குடும்பத்தில். அங்கே பெரியப்பா வயலில் ஒரு கிணறு உண்டு. அதற்கும் எழுதாத விதிகள் இருந்தன. சாப்பிட்ட கையோடு இறங்கக் கூடாது. பம்ப் ஓடும்போது மோட்டார் பக்கம் போகக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, இறங்குகிறவர்கள் சட்டையைக் கழற்றித் துவைக்கும் கல்லின் மேல்தான் வைக்க வேண்டும். பெரியம்மா களை எடுத்துக்கொண்டிருக்கும்போதே நடுநடுவே வந்து கல்மேல் இருக்கும் சட்டைகளையும் தண்ணீரில் தெரியும் தலைகளையும் எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் ஊரே கேட்கும்படி கத்துவார். பல வருடம் கழித்து எகிப்தில், செங்கடலில் ஒரு படகில் போனபோது, வழிகாட்டி ஒவ்வொரு பெயராகப் படித்து, பதில் வந்த பிறகே இறக்கினார். ஏறிய பிறகும் அதே மாதிரி படித்தார். என் பெயரை அவர் கடித்துக் குதறினார் என்றாலும், எனக்குப் பெரியம்மாவின் குரல்தான் காதில் விழுந்தது.

இப்போது நான் இங்கே ஒரு மருந்துத் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிறேன். அழுத்தமானி காட்டுகிற எண் உண்மையா என்று பார்ப்பதுதான் வேலை. எதையும் பட்டியல் போடாமல் என்னால் இருக்க முடியாது. முக்குளிக்கக் கற்றுக்கொண்ட பிறகு, விடுமுறைக்குப் போகும் இடங்களுக்கும் எக்ஸெல்லில் ஒரு தாள் வைத்தேன். நாடு, எத்தனை மீட்டர் வரை விடுகிறார்கள், வழிகாட்டி கட்டாயமா, கையுறை போடலாமா, படிவம் எப்படி. மால்டாவில் தகுதிச் சான்று இருந்தால் ஒரு துணையோடு நாமே இறங்கலாம், ஆனால் இடத்தைக் காட்டும் மிதவையை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். செங்கடலில் நான் போன இடத்தில் கையுறையைக் கழற்றச் சொன்னார்கள். கையுறை இருந்தால் பவளத்தைப் பிடிக்கத் துணிவு வந்துவிடுமாம். மாலத்தீவில் முப்பது மீட்டருக்குக் கீழே தலைகீழாக நின்றாலும் விட மாட்டார்கள். இன்னொரு தீவு, பெயர் வேண்டாம். அங்கே எனக்குச் சளி பிடித்திருந்தது. படிவத்தில் சளி, சைனஸ் பற்றிய கேள்வியில் பேனாவை நிறுத்தினேன். கவுண்டரில் இருந்த பெண், “எல்லாவற்றுக்கும் நோ போடுங்கள், எல்லாரும் அப்படித்தான்” என்று சிரித்தாள். போட்டேன். ஆறு மீட்டரில் காதுக்குள் ஊசியைச் செருகியது போல ஒரு வலி. அந்த விடுமுறை முழுவதும் ஒரு காது கேட்கவில்லை. என் தாளில் அந்த நாட்டுக்கு எதிரே, படிவம் என்ற பத்தியில், ‘பொய் சொன்னது நான்’ என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்தத் தாளில் எங்கள் ஊருக்கும் ஒரு வரி உண்டு. மூன்று வருடம் முன்பு விடுப்பில் போனபோது, ஈசிஆர் சாலை ஓரம் ஒரு கடற்கரையில் முக்குளிக்க அழைத்துப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே படிவம் ஒன்றும் பெரிதாக இல்லை. படகுக்காரர் வரிசையில் நின்றவர்களின் கண்ணையும் நகத்தையும் பார்த்தார். எங்களுக்கு முன்னால் நின்ற பையன்களை நெருங்கி மோந்து, “நேத்து சரக்கு போட்டியா? டபாய்க்காத, வாட வர்து. நாளிக்கி வா” என்று இருவரைத் திருப்பி அனுப்பினார். அடுத்தது அப்பா.

“வயசு இன்னா ஆவுது பெர்சு?”

“அம்பத்தாறு.”

“மீச வேற கணக்கு சொல்து. நீ போட்லயே குந்து. அக்கா மட்டும் வர்ட்டும்.”

அப்பாவுக்கு அப்போது அறுபத்தொன்று. வாக்குவாதம் செய்யாமல் படகில் உட்கார்ந்துகொண்டார். நான் அன்று கலங்கல் தண்ணீரில் என் கையைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. திரும்பும்போது காரில் அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். “உங்கூர்ல வயசு கேப்பாங்களா?” மால்டாவில் மேல் வயது வரம்பு கிடையாது, படிவம் மட்டும்தான் என்றேன். அந்த வார்த்தையை அவர் இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

போன ஜூனில் அப்பா வந்தார். விமான நிலையக் கதவு திறந்து அவர் வெளியே வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலையும் மீசையும் கன்னங்கரேலென்று இருந்தன. என்னைப் பார்த்து முதலில் சொன்னது, “எப்பிடி? அம்பது சொல்லலாமா?” என்பதுதான். அம்மாவுக்கு விமானம் பயம், வரவில்லை. தொலைபேசியில், “உங்கப்பா மாப்பிள்ள கணக்கா கெளம்பி வந்து கீறாரு, பாத்துக்கோ” என்று மட்டும் சொன்னார்.

முதல் சனிக்கிழமையே கடைக்குப் போனோம். பயிற்சியாளர் கார்மெனு இந்த ஊர்க்காரர், என்னைப் பழக்கியவர். அப்பா மேசையையும் பேனாவையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“இன்னாம்மா இது? வண்டிக்குத்தான் எஃப்சி கேப்பாங்க. ஆளுக்குமா?”

எஃப்சி என்றால் வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று தரும் சான்று. அப்பாவின் வாழ்க்கையில் பொங்கல் தீபாவளி மாதிரி எஃப்சி தேதியும் ஒரு நாள். நான் கேள்விகளைத் தமிழில் படித்தேன். எல்லாவற்றுக்கும் ‘இல்ல’ என்றார். ஆஸ்துமா வந்தது. எங்கள் வீட்டில் அந்தச் சொல் கிடையாது. மார்கழிப் பனியில் மூச்சு இழுத்தால் அதற்கு வீசிங் என்று பெயர். வீசிங் ஒரு நோய் என்று யாரும் நினைப்பதில்லை. சளிக்கு அக்கா, அவ்வளவுதான்.

“வீசிங் இருக்காப்பா?”

“அது எப்பவோ. இப்ப இன்னா மார்கழியா? இல்லன்னு போடு.”

போட்டேன். ஜூன் மாத வெயிலில் அது நியாயமாகவே பட்டது. இதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, கண்ணாடி முகமூடியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார். காற்று உருளை மாட்டுவதற்கு முன் முகத்தைத் தண்ணீரில் வைத்துப் பழக வேண்டும். கார்மெனு பேச ஆரம்பித்தார். மால்டாக்காரர்கள் வாய் திறந்தால் முதலில் வருவது ‘மெலா’. சரி, அப்புறம், ஆகட்டும், எல்லாமே மெலாதான். “மெலா” என்று ஆரம்பித்து, முகத்தை உள்ளே வை என்று சைகை காட்டினார். அப்பா உள்ளே வைத்த முகத்தைப் படக்கென்று வெளியே எடுத்தார். “மெலா, மறுபடி.” அப்பா நிமிர்ந்தார். “மெலா, மெதுவாக.” அப்பா நுனிக்காலில் எம்பி நின்றார். கார்மெனு என் பக்கம் திரும்பி, “உன் அப்பா பயப்படுகிறாரா?” என்று கேட்டார்.

“பாப்பா! இந்தாளு மேல மேலன்னு சொல்லிகினே கீறான். நான் மேலதான கீறேன்? இன்னும் எங்க போவச் சொல்றான்?”

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் கார்மெனுவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மேலே என்பது எங்கள் மொழியில் என்ன என்று தெரிந்த பிறகும் பழக்கத்தை அவரால் விட முடியவில்லை. அப்பாவோ அதற்குள் பாடம் பிடித்துவிட்டார். முகத்தை உள்ளே வைத்து மெதுவாக எண்ணி, வெளியே எடுத்து, “தர தெரியுது பாப்பா! ஒரு மீனு! நம்ம ஏரில விடறா மாதிரி கெண்டக் குஞ்சு!” என்று கத்தினார். அவர் வண்டி ஓட்டிய முப்பது வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை.

அந்த நேரத்தில்தான், கரையில் உட்கார்ந்திருந்த என் மடியில் இருந்த சட்டையில் ஏதோ உறுத்தியது. மேல் பாக்கெட்டில், கர்சீப்பில் சுற்றி, வாயில் வைத்து உறிஞ்சும் மருந்துக் குப்பி. இன்னும் எத்தனை முறை இழுக்கலாம் என்று பின்புறம் எண் காட்டும் வகை. பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. ஜூன் மாதத்தில்.

கார்மெனு காற்று உருளையை எடுக்கக் கடைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். அந்தப் பத்து அடி தூரத்தில் நான் என்னென்னவோ நினைத்தேன். ஐந்து மீட்டர்தானே. பத்து நிமிடம்தானே. பக்கத்திலேயே நான் இருப்பேனே. அவருக்கு இது இன்னொரு முறை கிடைக்காது. அடுத்த நினைப்பு, மூச்சுக்குழல் இறுகினால் தண்ணீருக்கு அடியில் நுரையீரலில் அடைபடும் காற்று மேலே வரும்போது விரியும் என்பது. நான் அழுத்தம் அளக்கிறவள். கார்மெனுவைக் கூப்பிட்டுக் குப்பியைக் காட்டினேன்.

அவர் திட்டவில்லை. உருளையைத் திரும்ப அடுக்கில் வைத்தார். தண்ணீரில் நின்றபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் முகம் மாறியது.

“உன்ன யாரு கேட்டாங்க?” என்றார்.

வீடு திரும்பும் பேருந்தில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பாதி வழியில், என்னைப் பார்க்காமலே ஆரம்பித்தார்.

“அந்தப் படகுக்காரன் மூஞ்சியப் பாத்து வேணான்னான். சரி, அவன் யாரோ. நீ எம் பொண்ணு. நீயே காட்டிக் குடுக்கற.”

“மருந்து இழுக்கறத ஏன்ப்பா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா கூட்டிகினு போயிருப்பியா?”

“நீ பிரேக் புடிக்காத வண்டிய ஷெட்ல இருந்து எடுப்பியா?”

“எடுக்க மாட்டேன்.”

“எடுக்காம சும்மா வருவியா?”

அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். பழுதுப் புத்தகத்தில் தேதி போட்டு எழுதிவிட்டுத்தான் வருவார். ஒரு முறை அப்படி எழுதியதால் ஊழியர்கள் வெயிலில் காத்து நின்று, மேலாளர் முகத்துக்கு நேரே திட்டியதை வீட்டில் வந்து சொன்னவர் அவர். திட்டு வாங்கியதைச் சொல்லும்போது முகத்தில் பெருமை இருந்தது. அதை நான் அன்று பேருந்தில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஜெயித்திருப்பேன். அவர் இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம் நகர்ந்திருப்பார்.

திங்கட்கிழமை மருத்துவரிடம் போனோம். முக்குளிப்பவர்களைச் சோதிப்பதற்கென்றே இங்கே மருத்துவர்கள் இருக்கிறார்கள். கணினியோடு இணைத்த ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார். அப்பா ஹார்ன் அடிக்காத வண்டிக்கு வாயால் ஹார்ன் அடிப்பது போல முழு பலத்தையும் போட்டு ஊதினார். மூன்று முறை. திரையில் கோடு மேலே ஏறி, பாதியிலேயே சரிந்தது. மருத்துவர் திரையைப் பார்த்தபடி, “மெலா…” என்று இழுத்தார்.

அப்பா என் காதருகே, “இவுரும் மேலன்றாரா?” என்று கேட்டார்.

“ஆமாம்ப்பா.”

இந்த முறை மொழிபெயர்ப்பில் பிழை எதுவும் இல்லை. நீந்தலாம், மிதக்கலாம், படகில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். காற்று உருளையோடு கீழே போகக் கூடாது. இன்றைக்கு மட்டும் இல்லை, எப்போதுமே. மருத்துவர் தாளில் முத்திரை குத்தி அப்பாவின் கையிலேயே கொடுத்தார். அப்பா அதை இரண்டாக மடித்து, குப்பி இருந்த அதே பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். வாசலில், “எஃப்சி புட்டுகிச்சு” என்றார். சிரிக்க முயன்றது தெரிந்தது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சு குறைவு. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், நாஸ்தா இன்னா, தோசை. அம்மாவிடம் போனில் என்ன சொன்னார் என்று தெரியாது. எனக்கு இரவல் வீட்டில் இருப்பது போல இருந்தது. நான் வாடகை கட்டும் வீட்டில், என் அப்பாவோடு இருந்தும். அடுத்த ஞாயிறுக்கு இருவருக்கும் சேர்த்துப் படகில் இடம் பதிந்து வைத்திருந்தேன். ரத்து செய்துவிடலாமா என்று கேட்டபோது அப்பா தலையை நிமிர்த்தாமல், “நீ போ. நான் போட்ல குந்திகினு வரேன். எனக்குத்தான் பழக்கமாச்சே” என்றார்.

படகில் கார்மெனு ஒரு வேலை செய்தார். அவரை அதற்காக நான் எப்போதும் நினைத்திருப்பேன். தண்ணீரில் எழுதினாலும் அழியாத ஒரு வெள்ளைப் பலகையும் பென்சிலும் எடுத்து அப்பாவிடம் நீட்டினார். யார் எத்தனை மணிக்கு இறங்கினார்கள், எத்தனை மணிக்கு ஏறினார்கள் என்று மேலே இருக்கும் ஒருவர் குறிக்க வேண்டும் என்பது அவர் படகின் விதி. வழக்கமாகப் படகோட்டிதான் குறிப்பார். அப்பா பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கைக்கடிகாரத்தைப் படகின் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தார்.

“எத்தினி நிமிசம்னு கேளு.”

“நாற்பது” என்றார் கார்மெனு.

“நாப்பத்தியொண்ணு ஆச்சுன்னா நான் கத்துவேன்னு சொல்லு.”

சொன்னேன். கார்மெனு சிரித்து, “மெலா!” என்றார். அப்பா இந்த முறை நிமிரவில்லை. என் பெயரைத் தமிழில் எழுதி, எதிரே நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்தார்.

பதினெட்டு மீட்டருக்குக் கீழே வெள்ளை மணலும் கடற்புல்லும். ஒரு கணவாய், பாறையின் நிறத்துக்கு மாறிக்கொண்டு என்னைப் பார்த்தது. எங்கள் கரையில் அதைக் கூடையில்தான் பார்த்திருக்கிறேன். உயிரோடு அது நிறம் மாறுவதை அப்பாவிடம் எந்தச் சொல்லால் சொல்வது என்று யோசித்துக்கொண்டே நீந்தினேன். எதைப் பார்த்தாலும் ஒரு வாக்கியமாக்கி மேலே அனுப்பப் பார்த்தேன். கார்மெனு கடிகாரத்தைக் காட்டினார். திரும்ப வேண்டிய நேரம்.

மேலே ஏறும் வழியில் ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்க வேண்டும். ஆழத்தில் உடம்புக்குள் கரைந்த காற்று மெதுவாக வெளியேற அந்த நேரம் வேண்டும். நான் இறங்கிய எல்லா இடங்களிலும், மற்ற எந்த விதி மாறினாலும், இதை மட்டும் ஒருவரும் மாற்றிச் சொன்னதில்லை. நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். தலைக்கு மேலே படகின் அடிவயிறும் அதைச் சுற்றி நெளியும் வெளிச்சமும். ஓரத்தில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. கறுப்புச் சாயம் தண்ணீர் வழியாகவும் தெரிந்தது. பிறகு ஒரு கை தண்ணீரைக் கிழித்து உள்ளே வந்தது. கடிகாரத்தைக் கழற்றிய மணிக்கட்டு, அதற்கு மேல் முழங்கை, அதற்கு மேல் தோள் வரைக்கும். அவரால் எவ்வளவு முடியுமோ அவ்வளவும் கடலுக்குள் இருந்தது. அந்தக் கை கட்டை விரலை உயர்த்திக் காட்டியது.

ஊரில் அதற்கு ‘சூப்பர்’ என்று பொருள். ஒரு வாரம் கழித்து அப்பா என்னிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. தண்ணீருக்குள் அதே விரலுக்கு வேறு பொருள்: மேலே வா. யார் அப்படிக் காட்டினாலும் ஏன் என்று கேட்காமல் ஏற வேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். என் கால்கள் தாமாகவே ஒரு முறை உதைத்தன. கார்மெனு என் தோளைப் பிடித்து, இரு என்று உள்ளங்கையைக் காட்டினார். கயிற்றைவிட்டு நழுவிய கையை மறுபடி கயிற்றில் வைத்தேன். மேலே விரல் அப்படியே நின்றது. என் மணிக்கட்டில் கட்டிய முக்குளிப்புக் கணினியில் இன்னும் ஒரு நிமிடம் மீதி இருந்தது.